சர்க்கரை வியாதி இருந்தாலும் ஓடலாம் – கணவன் மனைவி இருவரும் அறிய வேண்டியவை



"எனக்குச் சர்க்கரை வந்துடுச்சு, இனிமே ஓடியாடி எதுவும் செய்யக் கூடாது" என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நம் ஊர்ப்பக்கம் நிறையப் பேர். வீட்டில் இருப்பவர்களும் அன்பின் காரணமாக அதற்கே துணை போகிறார்கள். "நீங்க சும்மா இருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்கிறார் மனைவி. "நீ வெயில்ல அலையாதே, மயக்கம் வந்துடும்" என்கிறார் கணவர். இப்படி உட்கார வைப்பதால் வியாதி குறைவதில்லை, கூடுகிறது.

இதற்கு நேர்மாறான இன்னொரு தவறும் உண்டு. "தினம் காலையில ஓடுறேன், உடம்பு லேசா இருக்கு, மாத்திரை எதுக்கு?" என்று மருந்தை நிறுத்திவிடுவது. இது முதல் தவற்றைவிட ஆபத்தானது.

சர்க்கரை வியாதி உள்ளவர் நடக்கலாம், ஓடலாம், நெடுந்தூரமும் ஓடலாம். ஆனால் ஓட்டம் மருந்துக்குத் துணையே தவிர மருந்துக்கு மாற்று இல்லை. ஓடுகிறவர் மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் துணைவரும் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்காகவே இந்த வெளியீடு.

ஓடிக் காட்டியவர்கள்

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்கலாம். நடந்திருக்கிறது, நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது.

திரு. மா. சுப்பிரமணியன் 2006 முதல் 2011 வரை சென்னை மாநகர மேயராக இருந்தவர். 2021 மே மாதம் தமிழ்நாட்டின் சுகாதாரத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றவர். நீண்ட காலமாகச் சர்க்கரை வியாதி உள்ளவர். 2004இல் நடந்த சாலை விபத்தில் முழங்காலில் பலத்த அடியும் பட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கினார். அதன்பின் 100க்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓட்டங்களை ஓடி முடித்தார். "ஓடலாம் வாங்க" என்று ஒரு புத்தகமும் எழுதினார். மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர் தூரம். அரை மாரத்தான் சுமார் 21 கிலோமீட்டர். ஏறக்குறைய மேல்மலையனூரிலிருந்து செஞ்சி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாகிஸ்தானின் பந்துவீச்சாளர் வாசிம் அக்ரமைக் கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். 1997இல் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டறியப்பட்டது. இன்சுலின் போட்டுக்கொண்டே 2003 வரை சர்வதேச ஆட்டங்களில் வேகப்பந்து வீசினார்.

வேறு நாள்பட்ட வியாதிக்கும் இப்படிச் சான்று உண்டு. இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் என்ற பெண்மணிக்குச் சிறு வயதிலேயே ஆஸ்துமா என்னும் இளைப்பு நோய். மருந்தை முறையாக எடுத்துக்கொண்டே பயிற்சி செய்தார். 2003 ஏப்ரலில் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி முடித்தார். பெண்களுக்கான அந்த உலக சாதனை 16 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது.

இவர்கள் யாரும் வியாதியை மறைக்கவில்லை, மருந்தை விடவில்லை, ஒரே நாளில் ஓடிவிடவும் இல்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். 21 கிலோமீட்டர் எல்லோரும் ஓட வேண்டும் என்பதில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாம் சாப்பிடும் சோறும் களியும் இட்லியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை தசைக்குள் போனால்தான் உடம்புக்குப் பலம். தசையின் கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின். சர்க்கரை வியாதியில் சாவி போதாமல் போகிறது, அல்லது பூட்டு இறுகிக்கொள்கிறது. சர்க்கரை உள்ளே போக வழியின்றி ரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது.

நாம் நடக்கும்போதும் ஓடும்போதும், வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் வேறு வழியில் கதவைத் திறந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ஓட்டம் முடிந்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை இறுகிய பூட்டு சற்றுத் தளர்ந்தே இருக்கும். அதனால்தான் "வாரத்துக்கு ஒரு நாள் மூணு மணி நேரம்" என்பதைவிட "தினம் அரைமணி" மேல் என்கிறோம். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது.

வியாதி வருமுன் தடுக்கவும் இது உதவும். சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் சென்னை மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 100க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடையையும் உணவு முறையையும் சரிசெய்துகொண்டவர்களில் 100க்கு 39 பேருக்குத்தான் வந்தது. மருந்து இல்லாமல் கிடைத்த லாபம் இது.

"கழனி வேலை போதாதா?"

போதும், அது உண்மையான வேலையாக இருந்தால். நாற்று நடுவது, மண்வெட்டி பிடிப்பது, கரும்பு வெட்டுவது எல்லாம் உடம்புக்கு நல்ல பயிற்சி. ஆனால் இன்று ஏர் போய் டிராக்டர் வந்துவிட்டது. கழனிக்கு மோட்டார் சைக்கிளில் போகிறோம். மோட்டார் போட்டு வரப்பில் உட்கார்ந்திருப்பது வேலைக் கணக்கில் சேராது. நாள் முழுவதும் குந்தியபடி கடலை ஆய்வதும் கைக்கு வேலைதான், நெஞ்சுக்கும் காலுக்கும் இல்லை.

கணக்கு எளிது. மூச்சு சற்று வேகமாக வாங்க வேண்டும், உடம்பு வியர்க்க வேண்டும். அப்படி வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடமாவது இருக்க வேண்டும். கழனி வேலையில் அது கிடைக்கும் நாளில் தனியாக ஓட வேண்டியதில்லை. வேலை இல்லாத நாளில் நடையும் ஓட்டமும்.

ஓடத் தொடங்கும் முன்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் சேர்ந்து போங்கள். "ஓடலாம்னு இருக்கேன்" என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் பார்க்க வேண்டியவை:

1. ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்.

2. இருதயம். சர்க்கரை வியாதி உள்ளவருக்கு நெஞ்சுவலி தெரியாமலேயே இருதயம் பழுதாகியிருக்கலாம். நாற்பது வயதைக் கடந்தவர்களும் பல வருஷமாக வியாதி உள்ளவர்களும் இ.சி.ஜி. எடுத்துக்கொள்வது நல்லது.

3. கண். விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் கடும் ஓட்டத்தாலும் பாரம் தூக்குவதாலும் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம்.

4. பாதம். உணர்ச்சி இருக்கிறதா, மரத்துவிட்டதா என்று சோதிக்க வேண்டும்.

5. மருந்துச் சீட்டு. எந்த மருந்து ஓட்டத்தின்போது சர்க்கரையை அதிகம் இறக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை மிகவும் இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் இறக்கக்கூடியவை.

எப்படித் தொடங்குவது?

முதல் 4 வாரம்: வாரத்தில் 5 நாள், அரைமணி நேரம் வேக நடை.

அடுத்த 4 வாரம்: 5 நிமிடம் நடை, பிறகு 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி மொத்தம் அரைமணி.

அதற்கு மேல்: ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நடக்கும் நேரத்தைக் குறைக்கவும். ஒரு வாரத்தில் ஓடும் தூரத்தை முந்தைய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓட மூன்று நான்கு மாதமும், 21 கிலோமீட்டருக்கு ஒரு வருஷமும் ஆனாலும் குறைவில்லை. அவசரப்பட்டவர்தான் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்.

வேகம் எவ்வளவு? ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பேசவே முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

வெயில் ஏறுமுன் ஓடுங்கள். ஏரிக்கரை, பள்ளி மைதானம், வண்டி குறைவான ஊர்ச் சாலை நல்லது. சாலையில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலது ஓரமாகச் செல்லுங்கள். இருட்டாக இருந்தால் கையில் டார்ச் லைட் வேண்டும். புறப்படும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், நீண்ட ஓட்டமானால் இடையிடையே இரண்டு வாய்.

முக்கிய ஆபத்து: தாழ் சர்க்கரை

சர்க்கரை கூடுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஓடுகிறவர் பயப்பட வேண்டியது சர்க்கரை மிகவும் இறங்குவதற்கு. இன்சுலினும் சர்க்கரையை இறக்கும் மாத்திரையும் ஒரு பக்கம் வேலை செய்ய, ஓடும் தசை இன்னொரு பக்கம் சர்க்கரையை இழுக்க, ரத்தத்தில் அது 70க்குக் கீழே போய்விடலாம். மூளைக்குச் சர்க்கரைதான் தீனி. அது குறைந்தால் என்ன ஆகும்?

முதலில் கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கடும் பசி. அடுத்து தலைச்சுற்றல், கண் மங்கல், உளறல், காரணமில்லாத கோபம், தள்ளாட்டம். கடைசியில் வலிப்பு, மயக்கம். கவனிக்காவிட்டால் உயிருக்கே மோசம்.

தள்ளாடி உளறுகிறவரைப் பார்த்து "குடிச்சிருக்கான்" என்று ஊர் சொல்லும். சிலர் "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்பார்கள். அங்காளம்மன் சன்னதி பக்கத்தில்தான் இருக்கிறது, அப்புறம் போய்க் கும்பிடலாம். முதலில் கொடுக்க வேண்டியது சர்க்கரைத் தண்ணீர்.

துணைவர் செய்ய வேண்டியது:

1. நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கக் கொடுக்கவும். கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

2. 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு கொடுக்கவும்.

3. தெளிந்த பிறகு இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிடச் சொல்லுங்கள். அன்று மேற்கொண்டு ஓட்டம் வேண்டாம்.

4. நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிடுங்கள்.

நீண்ட தூரம் ஓடிய நாளில், ஓட்டம் முடிந்து பல மணி நேரம் கழித்தும், இரவுத் தூக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம். நடுராத்திரியில் சட்டை நனைய வியர்த்து, எழுப்பினால் பிதற்றுகிறார் என்றால் சாதாரணமாக விடாதீர்கள். இதைக் கவனிக்கக்கூடியவர் பக்கத்தில் படுத்திருக்கும் துணைவர் ஒருவர்தான். அதனால்தான் இந்தப் பாடம் இருவருக்கும்.

ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் அல்லது மெட்டோபுரோலால் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை ஒன்றுதான் அடையாளமாக நிற்கும். அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வருமுன் காக்க:

• இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுக்கிறவர், முடிந்தால் ஓடுமுன் சர்க்கரை பார்க்கவும். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் பொறுத்துப் புறப்படவும்.

• 250க்கு மேல் இருந்தால் அன்று ஓட வேண்டாம். இன்சுலின் போடுகிறவர் மருத்துவரைக் கேட்கவும்.

• ஓடப்போகும் நாளில் தொடையில் இன்சுலின் போட வேண்டாம், வயிற்றில் போடவும். ஓடும் காலில் மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறிவிடும்.

• சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். கூடவே "எனக்குச் சர்க்கரை வியாதி" என்று எழுதி, துணைவரின் போன் நம்பரோடு ஒரு சீட்டு.

• மருந்தின் அளவைத் தானாகக் குறைக்கக் கூடாது. நெடுந்தூரம் ஓடும் நாளுக்கு எவ்வளவு குறைப்பது என்று மருத்துவர் சொல்லட்டும்.

காலைக் கண்ணாகக் காப்போம்

பல வருஷம் சர்க்கரை வியாதி இருந்தால் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் தெரியாது. வலி இல்லாததால் கவனிப்பதில்லை. அது புண்ணாகி, அழுகி, விரலை எடுக்கும் நிலைக்கும், காலையே எடுக்கும் நிலைக்கும் போய்விடுகிறது. குடும்பத்துக்குச் சோறு போடும் கால் அது.

வெறுங்காலில் ஓடாதீர்கள். அளவான கேன்வாஸ் ஷூவும், தினம் துவைத்த பருத்திக் காலுறையும் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. ஷூவைப் போடுமுன் உதறி உள்ளே கைவிட்டுப் பாருங்கள். ஓடி வந்ததும் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்து, மேலும் கீழும் பாருங்கள். உள்ளங்கால் தெரியவில்லை என்றால் மனைவியோ கணவரோ பார்த்துச் சொல்லட்டும். பாதம் மரத்தவர்கள் ஓட வேண்டாம். அவர்களுக்கு மிதமான நடை, சைக்கிள் நல்லது. எம்.சி.ஆர். செருப்பு அணிய வேண்டும்.

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். நம் பகுதியிலிருந்து பௌர்ணமிக்குப் பலர் வெறுங்காலில் போகிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் தரை சுடாத நேரத்தில், காலுறை போட்டுக்கொண்டு நடக்கவும். வேண்டுதலுக்காக விரதமிருந்து, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு நடப்பது தாழ் சர்க்கரைக்கு அழைப்பு. மாசித் திருவிழாவில் தீமிதிக்க நேர்ந்துகொள்ளும்முன் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது, புண் மட்டும் தங்கிவிடும்.

ஓடக் கூடாத நாட்கள்

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாள். காலில் புண் உள்ள நாள். முந்தைய 24 மணி நேரத்தில் தாழ் சர்க்கரையால் மயங்கிய நாள். ரத்த அழுத்தம் 180க்கு மேல் உள்ள நாள். ஓடும்போதோ செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறும்போதோ நெஞ்சு அடைப்பு, இடது கை அல்லது தாடை வலி, வழக்கத்துக்கு மாறான இளைப்பு வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

தாய்மார்களுக்கு

சகோதரிகளே, கர்ப்ப காலத்தில் மட்டும் சிலருக்குச் சர்க்கரை கூடும். முதல் பரிசோதனையின்போதும், பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்ப்பது இதற்காகத்தான். பிரசவத்துக்குப் பின் அது பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் அப்படி இருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. குழந்தை பிறந்து 6 வாரத்தில் ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் ரத்தம் பாருங்கள். நடையைப் பழக்கமாக்குங்கள். கர்ப்பிணிகள் மருத்துவர் சம்மதித்தால் தினம் நடக்கலாம். புதிதாக ஓட்டம் பழகும் காலம் அது அல்ல.

"பொம்பளை ரோட்டுல ஓடினா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்ற தயக்கம் இருக்கிறது. கணவர் கூடப் போனால் அந்த நாலு பேரும் இரண்டு நாளில் வாய் மூடிவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து போனாலும் சரி. காலையில் அரைமணி நேரம் அடுப்பையும் பிள்ளையையும் கணவர் பார்த்துக்கொண்டால், மனைவியின் உடம்புக்கு அதைவிடப் பெரிய மருந்து வேறில்லை.

சிறு வயதிலேயே இன்சுலின் போடும் பிள்ளைகளையும் விளையாட்டிலிருந்து ஒதுக்காதீர்கள். ஆசிரியரிடம் விவரம் சொல்லி, பையில் குளுக்கோஸ் கொடுத்து அனுப்புங்கள்.

நினைவில் கொள்க

• ஓடலாம், மெதுவாகத் தொடங்கலாம்.
• மாத்திரையும் ஊசியும் மருத்துவர் சொன்னால்தான் கூடும், குறையும்.
• பையில் குளுக்கோஸ், காலில் ஷூ.
• வியர்வை, நடுக்கம், உளறல் – உடனே சர்க்கரைத் தண்ணீர்.
• ஓடி வந்ததும் பாதத்தைப் பார்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரையோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். இந்த வெளியீட்டைப் படித்து முடித்ததும் துணைவருக்கும் படித்துக் காட்டுங்கள். அடுப்பங்கரையில் சர்க்கரை டப்பா எந்த இடத்தில் இருக்கிறது என்று கணவருக்கும், குளுக்கோஸ் பொட்டலம் எந்தப் பையில் இருக்கிறது என்று மனைவிக்கும் இன்றைக்கே தெரிந்திருக்கட்டும்.